சிதறால் மலையும் அண்டியாபீஸ் தாய்மார்களும்



நெய்ச்சோற்றுச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கியதும் நம் இல்லத்துப் பெண்மணிகள் பொன்னிறமாக வறுத்துத் தூவுகின்ற முந்திரிப் பருப்பை எத்தனையோ முறை சுவைத்திருப்பீர்கள். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் பிள்ளைகள் வாங்கி வரும் தகர டப்பாக்களிலும் அதே பருப்புதான் இருக்கின்றது. ஒடியாமல், கீறல் படாமல், முழுப் பருப்பாக அது நம் கைக்கு வந்து சேரும் முன் எத்தனை பெண்களின் விரல்களைக் கடந்து வந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அந்தப் பெண்களின் வேலை பறிபோன காலங்களில் அரசுகள் என்ன செய்தன என்று கேட்டதுண்டா? இவ்விரண்டையும் அறிய விரும்பினால் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள சிதறாலுக்கு ஒருமுறை வாருங்கள். பிள்ளைகளின் விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு சென்று பார்ப்பதற்கும் அது ஏற்ற இடமே.

வழியும் மலையும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் புறப்படுங்கள். ஞானி பீர் முகம்மது அப்பா அவர்கள் அடங்கியிருக்கும் தக்கலை முதலில் வரும். அதன் அருகிலேயே வேணாட்டு மன்னர்களின் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கின்றது. அதைக் கடந்து சென்றால் மார்த்தாண்டம். தேனுக்குப் பெயர் பெற்ற அந்த ஊரிலிருந்து சிதறால் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தூரம். இரயிலில் வருவோர் குழித்துறை நிலையத்தில் இறங்கலாம். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பியதும் காட்சி மாறுகின்றது. இருபுறமும் இரப்பர் மரங்கள். ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் பால் வடியும் சிரட்டை. இடையிடையே நேந்திரன் வாழையும், பலாவும், மரச்சீனித் தோட்டங்களும். வீட்டுக்கு வீடு வேலி இருந்தாலும் ஒரு வீட்டின் நிழல் அடுத்த வீட்டு முற்றத்தில் விழும் அளவுக்கு நெருங்கிய ஊர்கள்.

மலைக்குத் திருச்சாணத்து மலை என்பது பழைய பெயர். கல் பாவிய பாதை மெல்ல மெல்ல மேலேறுகின்றது. முதியோரும் ஆங்காங்கே அமர்ந்து இளைப்பாறி ஏறிவிடலாம். காலையில் செல்வது நல்லது. குடிநீரை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். உச்சியை நெருங்கும்போது ஒரு பெரும்பாறை மற்றொரு பாறையின்மேல் கூரை போலக் கவிந்திருப்பதைக் காண்பீர்கள். அந்தக் குகையில் 9-ஆம் நூற்றாண்டில் சமணத் துறவிகள் தங்கி வாழ்ந்தனர். பாறையின் முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்களின் உருவங்களும், அம்பிகை, பத்மாவதி எனும் இயக்கியரின் உருவங்களும் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பின்னர் 13-ஆம் நூற்றாண்டளவில் இவ்விடம் பகவதி கோயிலாயிற்று. இப்போது இந்தியத் தொல்லியல் துறை இதனைக் காத்து வருகின்றது.

இங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளுள் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் காலத்தைச் சேர்ந்தது அது. அரட்டநேமி படாரர் என்பவரின் மாணவியான குணந்தாங்கிக் குறத்திகள் என்னும் பெண் துறவி, இம்மலையிலுள்ள படாரியாருக்குப் பொன் அணிகலன் வழங்கினார் என்ற செய்தியை அது சொல்கின்றது. குறத்திகள் என்றால் சமணப் பெண் ஆசிரியர் என்று பொருள். பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி என்ன கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், அவருடைய ஆசிரியர் யார் என்பதை நாம் இன்றும் அறிகின்றோம். ஏன்? யாரோ ஒருவர் அதை எழுதி வைத்தார். அவ்வளவுதான்! எழுதி வைத்தல் என்னும் இந்தச் சிறிய செயலைப் பற்றித்தான் இக்கட்டுரை முழுவதும் பேச இருக்கின்றது.

மலையுச்சியில் நின்று சுற்றிலும் பாருங்கள். கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலை நீல மதில் போல் நிற்கின்றது. கீழே தென்னையும் இரப்பரும் விரித்த பச்சைப் பாய். அதன் நடுவே குழித்துறையை நோக்கி வளைந்து செல்லும் தாமிரவருணி ஆறு. வானம் தெளிந்த நாளில் மேற்கே கடலின் கோடும் தெரியும். இந்தப் பச்சைக்குள்ளே ஊருக்கு ஊர் நீண்ட கூரைகளும் புகைக்கூண்டுகளும் மறைந்திருக்கின்றன. அவைதாம் முந்திரி ஆலைகள். மக்கள் வழக்கில் அண்டியாபீஸ்.

அண்டியாபீஸ்

அண்டி என்றால் கொட்டை. முந்திரியைக் கொல்லாம்பழம் என்றும், அதன் கொட்டையைக் கொல்லாங்கொட்டை என்றும் சொல்வது இப்பகுதி வழக்கு. பிரேசில் நாட்டு மரமாகிய இதனைப் போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் நம் மேற்குக் கடற்கரைக்குக் கொண்டு வந்தனர். பறங்கியர் கொணர்ந்ததால் பறங்கிமாவு என்றும் அது வழங்கிற்று. 1920-களில் கொல்லம் நகரைச் சுற்றி இதைப் பதப்படுத்தும் ஆலைகள் எழுந்தன. பருப்பு கப்பலேறி அமெரிக்காவுக்குச் சென்றது. நாடு விடுதலை பெறும்போது கொல்லம் உலக முந்திரி வாணிபத்தின் தலைநகராகவே விளங்கிற்று. 1955-இல் அமைக்கப்பட்ட முந்திரி ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் கொல்லத்தில் தன் தலைமையகத்தை வைத்ததும் இதனால்தான்.

ஆலைக்குள் நடக்கும் வேலையைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். காய்ந்த கொட்டையை முதலில் வறுப்பார்கள் அல்லது நீராவியில் அவிப்பார்கள். பிறகு உடைத்தல். பழைய முறையில் பெண்கள் தரையில் வரிசையாக அமர்ந்து, கொட்டையைக் கல்லின்மேல் நிறுத்தி, சிறிய கட்டையால் தட்டி ஓட்டைப் பிளப்பார்கள். அடி சற்றுப் பலமாக விழுந்தால் பருப்பு நொறுங்கும். மெதுவாக விழுந்தால் ஓடு திறவாது. ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலை அரித்துப் புண்ணாக்கும். வாகனங்களின் பிரேக் பட்டைகளிலும் வண்ணப் பூச்சுகளிலும் பயன்படுகின்ற எண்ணெய் அது! அதற்கு அஞ்சிச் சாம்பலைக் கையில் பூசிக்கொண்டு வேலை செய்வார்கள். பூசினாலும் விரல்கள் கறுத்துப் போகும். அண்டியாபீசில் பல்லாண்டு இருந்த ஒரு தாயை அடையாளம் காண வேறெதுவும் வேண்டாம்; அவருடைய விரல் நுனிகள் போதும்.

உடைத்த பருப்பை உலர்த்தி அதன் மெல்லிய செந்தோலை உரிப்பது அடுத்த வேலை. அதன்பின் தரம் பிரித்தல். டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்ற பெயர்களைப் பெட்டிகளில் நீங்கள் பார்த்திருக்கலாம். ஒரு ராத்தல் எடைக்கு எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதே அந்த எண். 320 என்றால் ராத்தலுக்கு 300 முதல் 320 வரை. எண் குறைந்தால் பருப்பு பெரிது, விலையும் பெரிது. தரம் பிரிக்கும் பெண்ணின் கண் தராசுக்கு இளைத்ததன்று. உடைப்பவருக்கும் உரிப்பவருக்கும் எடைக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி. தரம் பிரிப்பவருக்குப் பெரும்பாலும் நாட்கூலி. இத்தொழிலில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கணவர் இரப்பர் வெட்டவோ, கேரளத்துக்குக் கொத்து வேலைக்கோ, கடல் கடந்தோ சென்றிருக்க, வீட்டுச் செலவையும் பிள்ளைகளின் படிப்பையும் தாங்கிய தூண்கள் இவர்களே.

எல்லை தாண்டிய ஆலைகள்

கொல்லத்துத் தொழில் குமரிக்கு ஏன் வந்தது? இங்குதான் அரசுகளின் கதை தொடங்குகின்றது.

1956 நவம்பர் 1 வரையில் சிதறாலும் கொல்லமும் ஒரே மாநிலத்தில் இருந்தன. அன்று குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. களியக்காவிளையில் ஒரு மாநில எல்லை பிறந்தது. குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் அதிகாரம் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில அரசுகளிடம் இருந்தது. கேரளத்தில் தொழிற்சங்கங்கள் வலுவாயிருந்தன. அங்கே கூலி உயர்ந்தது. எல்லைக்கு இப்பால் கூலி குறைவு. விளைவு என்ன? 1960-களிலும் அதற்குப் பின்னரும் கொல்லத்து முதலாளிகள் பலர் தங்கள் ஆலைகளைக் குமரி மாவட்டத்திற்குக் கொண்டு வந்தனர். மொழி புரியும், வேலை தேடும் பெண்கள் இருந்தனர், சாலை ஒன்றே. அங்கே கதவு அடைபட்டது. இங்கே கதவு திறந்தது. கொல்லத்துப் பெண்ணின் இழப்பு விளவங்கோட்டுப் பெண்ணின் வரவாயிற்று.

கேரளத்திற்குள்ளேயே இன்னொரு வழியும் கண்டார்கள். ஆலையை மூடிவிட்டுக் கொட்டையை வீடுகளுக்கு அனுப்பி வறுத்து உடைக்கச் செய்தார்கள். குடிவறுப்பு என்று அதற்குப் பெயர். கொட்டை அதே கொட்டை. கை அதே கை. ஆனால் வீட்டில் வருகைப் பதிவேடு இல்லை. பதிவேடு இல்லாத இடத்தில் தொழிலாளியும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அவர் வெறும் இல்லத்தரசி. கூலி உயர்வு, மருத்துவக் காப்பீடு, வைப்பு நிதி யாவும் அந்த ஒரே அடியில் உதிர்ந்து போயின.

கடல் கடந்த கண்ணீர்

இந்த ஆலைகளுக்கு நம் நாட்டு விளைச்சல் போதுவதில்லை. தான்சானியா, ஐவரி கோஸ்ட், கினி-பிசாவு முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பச்சைக் கொட்டை கப்பலில் வருகின்றது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி லாரியில் குமரிக்கும் கொல்லத்துக்கும் செல்கின்றது. காயல்பட்டினத்து வாசகர்கள் அந்த லாரிகளைக் கண்டிருக்கக்கூடும்.

அந்தக் கொட்டைக்கும் ஒரு கண்ணீர்க் கதை உண்டு. மொசாம்பிக் நாடு ஒரு காலத்தில் தானே முந்திரியைப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்துவந்தது. 1990-களில் உலக வங்கி கடன் தரும்போது, பச்சைக் கொட்டை ஏற்றுமதியின் மீதிருந்த தடைகளையும் வரியையும் தளர்த்த வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது அவர்களின் கணக்கு. கொட்டை இந்தியாவுக்குப் பறந்தது. அங்கிருந்த ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, பத்தாயிரத்துக்கு நெருங்கிய தொழிலாளரில் பெரும்பாலோர் வேலை இழந்தனர். விவசாயிக்குக் கிடைத்த இலாபமோ மிகச் சொற்பம் எனப் பொருளாதார அறிஞர்கள் பின்னர் ஆராய்ந்து எழுதினர். கொல்லத்துப் பெண்ணுக்கு நேர்ந்தது, கடலுக்கு அப்பால் மற்றொரு பெண்ணுக்கும் நேர்ந்தது!

சக்கரம் அத்தோடு நிற்கவில்லை. வியட்நாம் நாட்டார் ஓட்டை வெட்டும் இயந்திரங்களைப் புகுத்தினர். 2006-ஆம் ஆண்டில் இந்தியாவை முந்திக்கொண்டு உலகின் முதல் முந்திரிப் பருப்பு ஏற்றுமதி நாடாக வியட்நாம் ஆயிற்று. பச்சைக் கொட்டைக்கு அவர்களும் நாமும் ஒரே சந்தையில் போட்டியிட, கொட்டையின் விலை ஏறிற்று. 2015-இலிருந்து கொல்லம் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான தனியார் ஆலைகள் கதவடைத்தன. அதே வேளையில், 2016-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை இறக்குமதிக் கொட்டைக்கு 5 சதவிகிதச் சுங்க வரியை விதித்தது. 2018-இல் அது 2.5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. குமரி மாவட்டத்துக்கும் இந்தக் காற்று வீசாமல் போகுமா? கொட்டை வரவில்லை என்ற சொல்லைக் கேட்டு வாசலிலிருந்து திரும்பிய நாட்கள் இங்குள்ள தாய்மார்களுக்கும் புதியவையல்ல. இயந்திரம் வந்த ஆலைகளில் உடைக்கும் பெண்களின் வரிசை சுருங்கிற்று.

அரசுகள் செய்தது என்ன?

அரசுகள் வாளாவிருந்தன என்று சொல்வது நீதியாகாது. கேரள அரசு 1969-இல் மாநில முந்திரி வளர்ச்சிக் கழகத்தை அமைத்து, மூடிய ஆலைகளைத் தானே ஏற்று நடத்த முன்வந்தது. 1974-இல் ஆலைகளைக் கையகப்படுத்தத் தனிச் சட்டம் இயற்றிற்று. 1984-இல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கென ஓர் உச்ச அமைப்பு எழுந்தது. பச்சைக் கொட்டையை ஒன்றாக இறக்குமதி செய்ய 2017-இல் கேரள முந்திரி வாரியம் தோன்றிற்று. மூடிக் கிடக்கும் ஆலைகளின் தொழிலாளருக்கு ஓணப் பண்டிகையை ஒட்டிச் சிறு தொகையும் அரிசியும் வழங்குவது அங்கே வழக்கம். இவையெல்லாம் போற்றத்தக்கவை. ஆயினும் அரசின் ஆலைகளும் கொட்டை கிடைக்காமல் ஆண்டில் சில மாதங்களே இயங்கிய காலங்கள் உண்டு. ஆலையைக் காப்பாற்றுவது வேறு. ஆலையில் வேலையைக் காப்பாற்றுவது வேறு.

தமிழக அரசு, வேலை இழந்தோருக்கு வேலையையே கொடுத்த சான்று இதே குமரி மாவட்டத்தில் உண்டு. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய தமிழர்கள் இங்குள்ள அரசு இரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். 1984-இல் அரசு இரப்பர் கழகம் அமைந்தது. முந்திரித் தொழிலுக்கு அத்தகைய ஏற்பாடு நெடுங்காலம் இல்லை. 2025 மார்ச்சில் அளித்த வேளாண் நிதிநிலை அறிக்கையில், 10 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தமிழ்நாடு முந்திரி வாரியம் அமைக்கப்படும் என்றும், தொழிலாளர் நலனும் அதன் நோக்கங்களுள் ஒன்று என்றும் அரசு அறிவித்தது.

மத்திய அரசைப் பார்ப்போம். 1991-இல் பொருளாதாரக் கதவுகள் திறக்கப்பட்டதும், அதனால் வேலை இழப்போருக்கு மறுபயிற்சியும் மறுவேலையும் தருவதற்கென 1992-இல் தேசியப் புதுப்பிப்பு நிதி அமைக்கப்பட்டது. பெயர் அழகியது. ஆனால் பணத்தின் பெரும்பகுதி பொதுத்துறை நிறுவனங்களில் விருப்ப ஓய்வு பெற்றவர்களுக்கே சென்றது. 2000-ஆம் ஆண்டில் நிதியே கலைக்கப்பட்டது. அண்டியாபீஸ் தாய்மார்களின் வாசலுக்கு அது வரவேயில்லை.

பெரிய ஆலை மூடும்போது நடப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014-இல் நின்றது. மறைமலைநகரில் ஃபோர்டு கார் நிறுவனம் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. இரண்டு இடங்களிலும் செய்தித்தாள்கள் எழுதின, அமைச்சர்கள் பேசினர், பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் நடந்து இழப்பீட்டுத் தொகை முடிவாயிற்று. அத்தொகை போதுமா என்பது வேறு வழக்கு. அங்கே ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் இருந்தது. ஊதியச் சீட்டு இருந்தது. எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்பதை மறுக்க யாராலும் முடியவில்லை. சிதறால் பக்கத்து ஆலை ஒன்று ஒரு திங்கட்கிழமை திறக்காமல் போனால் அது செய்தியாவதில்லை. மூடப்பட்டது என்றுகூட எவரும் சொல்வதில்லை. கொட்டை வந்ததும் சொல்லியனுப்புகிறோம் என்பதே விடை. அந்த ஆள் வருவதேயில்லை!

சட்டம் என்ன சொல்கின்றது?

இங்கே சட்டத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். மூலப்பொருள் இல்லாமையால் வேலை தர இயலாத நிலைக்கு ஆட்குறைப்பு என்று பெயரில்லை. அது தற்காலிக வேலைநிறுத்தி வைப்பு. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டப்படி அந்நாட்களுக்கு அடிப்படைக் கூலியிலும் பஞ்சப்படியிலும் பாதியை முதலாளி கொடுக்க வேண்டும். ஆட்குறைப்பே செய்தால் முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிக் கூலி இழப்பீடு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் இவற்றைத் தொடர்கின்றது. அத்தோடு ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு 15 நாள் கூலிக்கு நிகரான தொகையை மறுபயிற்சி நிதியாகச் சேர்த்து வழங்கவும் வகை செய்கின்றது. மறுபுறம், ஆலையை மூட அரசின் முன் அனுமதி பெற வேண்டிய வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது.

ஆனால் வேலை நிறுத்தி வைக்கும் நாட்களுக்கான பாதிக் கூலி, 50 பேருக்குக் குறைவான ஆலைகளுக்கும், பருவகாலத்தில் மட்டும் இயங்கும் ஆலைகளுக்கும் பொருந்தாது. உள்நாட்டுக் கொட்டை மாசி முதல் வைகாசி வரை கிடைத்த காலத்தில் இது பருவத் தொழில் என்று சொல்லலாம். ஆப்பிரிக்கக் கொட்டையை ஆண்டு முழுவதும் இறக்கும் ஆலையும் பருவ ஆலையா? ஐயம் எழுந்தால் முடிவு சொல்ல வேண்டியது அரசு. மேலும், ஓராண்டுத் தொடர்பணி என்றால் பன்னிரண்டு மாதங்களில் 240 நாள் வேலை. அந்த 240 நாளை எதைக் கொண்டு காட்டுவது? வருகைப் பதிவேட்டைக் கொண்டுதான். பாதி நாள் பதிவாகாமல் விடப்பட்டால், முப்பது ஆண்டு உழைத்தவரும் சட்டத்தின் முன் நேற்று வந்தவரே.

தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம் 2018-இல் வேலையிழந்த காப்பீட்டாளருக்கு உதவும் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. 2020-இல் அந்த உதவி சராசரி நாட்கூலியில் 50 சதவிகிதமாக உயர்த்தப்பட்டு, 90 நாள் வரை வழங்கப்பட்டது. நல்ல திட்டமே. ஆயினும் காப்பீட்டு எண் உள்ளவருக்குத்தான் அது. வைப்பு நிதியோடு இணைந்த ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணி வேண்டும். 2014 செப்டம்பர் முதல் அதன் குறைந்த அளவு மாதம் 1,000 ரூபாய். அதுவும் கணக்கில் பெயர் உள்ளவருக்குத்தான். பணிக்கொடையோ, ஐந்தாண்டு நிறைந்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் கூலி. எடைக் கூலி பெறுவோருக்குக் கடைசி மூன்று மாதச் சராசரியை வைத்துக் கணக்கிடுவர். பருவ ஆலையாயின் ஒரு பருவத்துக்கு 7 நாள் கூலி. அதற்கும் சான்று வேண்டும்.

ஆக, அரசின் கை நீளவே செய்கின்றது. அது நீளும் பாதையின் வாசலில் பதிவேடு ஒன்று இருக்கின்றது. அதில் பெயர் இல்லாதவரை அந்தக் கை தொடுவதில்லை. கூலியை உயர்த்தினால் ஆலை எல்லை தாண்டும். எல்லை தாண்டாவிடில் வீட்டுக்குள் நுழையும். எங்கு சென்றாலும் முதலில் அழிவது பெயர்தான். ஆதலால் இழப்பீட்டுத் தொகையை உயர்த்துவதற்கு முன் அரசு செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஒவ்வோர் ஆலையிலும், கொட்டை அனுப்பப்படும் ஒவ்வொரு வீட்டிலும் வேலை செய்வோரின் பெயரை எழுதுவதே அது. புதிதாக அறிவிக்கப்பட்ட முந்திரி வாரியத்தின் முதல் வேலையாக அதுவே அமையட்டும். 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு, எந்த மாநிலமும் அதற்குக் கீழே கூலி நிர்ணயிக்கக்கூடாத ஓர் அடிமட்ட ஊதியத்தை மத்திய அரசு அறிவிக்க வழி செய்கின்றது. அந்தத் தொகை நியாயமாக அமைந்தால், களியக்காவிளை எல்லையைத் தாண்டி ஓடுவதில் ஆதாயம் குறையும். பெயரளவுக்கு அமைந்தால் பழைய கதையே தொடரும்.

நாம் செய்யக்கூடியது

இது நமக்குத் தொடர்பில்லாத செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். இந்திய முந்திரிப் பருப்பை மிகுதியாக வாங்கும் நாடுகளுள் ஐக்கிய அரபு அமீரகமும் ஒன்று. அங்கே கடை வைத்திருப்போரும், அக்கடைகளில் வேலை செய்வோரும் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர். வாணிபம் செய்வோர் வாங்கும்போது ஒரு கேள்வி கேட்கலாம்: இந்தச் சரக்கு பதிவு பெற்ற ஆலையில் உடைத்ததா? கூலியைத் தாமதியாமல் கொடுப்பது பற்றிய நபிமொழி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஒன்று. அதன் பொருள் பணிக்கொடையையும் வைப்பு நிதியையும் உள்ளடக்கியதே அன்றோ?

ஆலைகளிலும், தையற்கூடங்களிலும், பீடி சுற்றும் இடங்களிலும் வேலை செய்யும் சகோதரிகள் நம்மிடையேயும் உள்ளனர். அவர்களுக்குச் சில சொற்கள். கூலி வாங்கும்போது சீட்டுக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வேலை செய்த நாளையும் எடையையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் நாள்தோறும் எழுதி வையுங்கள். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையாயின் காப்பீட்டு அட்டை உங்கள் உரிமை. மாதக் கூலி 21,000 ரூபாய் வரை அதற்குள் அடங்கும். உங்கள் பங்கு கூலியில் 0.75 சதவிகிதம்தான், முதலாளியின் பங்கு 3.25 சதவிகிதம். கூலியில் பிடித்த தொகை கணக்கில் ஏறிற்றா என்று படித்த மகனையோ மகளையோ கொண்டு ஆண்டுக்கு இருமுறையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஆதார் அட்டையில் உள்ள பெயரும் வைப்பு நிதிக் கணக்கில் உள்ள பெயரும் ஓர் எழுத்தும் மாறாமல் ஒத்திருக்கின்றனவா என்று இப்போதே சரிபாருங்கள். பிழை இருந்தால் ஆலை இயங்கும் காலத்திலேயே திருத்துவது எளிது. மூடிய பின் கையொப்பமிட ஆள் கிடைக்கமாட்டார். பணிக்கொடை முப்பது நாளுக்குள் வரவேண்டியது. தாமதமானால் வட்டியோடு கேட்க உரிமை உண்டு. தொழிலாளர் துறை அலுவலகம் மாவட்டத் தலைநகர் நாகர்கோவிலில் இருக்கின்றது. தனியே செல்லத் தயங்கினால் நான்கு பேராகச் செல்லுங்கள்.

சிதறாலுக்குச் செல்வோர் மலையைக் கண்டு திரும்பும் வழியில், மாலை வேளையில் மார்த்தாண்டம் சாலையோரம் பேருந்துக்காகக் காத்து நிற்கும் அண்டியாபீஸ் தாய்மார்களைக் காணலாம். தூக்குப் பாத்திரமும், சாம்பலின் மணமும், கறுத்த விரல்களும் அவர்களைக் காட்டிக் கொடுக்கும். பேச வாய்ப்புக் கிடைத்தால், எத்தனை ஆண்டு வேலை, எந்த ஏட்டில் பெயர் என்று அன்போடு விசாரியுங்கள். இல்லை என்று ஒருவர் சொன்னால், எங்கே சென்று கேட்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள்.